அக்டோபர் பக்கங்கள்

முதல் தேர்தலில் நாற்பத்தொரு வாக்கு வித்தியாசம்.
மறு எண்ணிக்கையில் முப்பத்தெட்டு.
ஆர்லிஸ் பென்டர்கிராஸ் நீதிபதியானார்.
அங்கி தைத்து வருமுன் வழக்கு வந்துவிட்டதால்
தேவாலயப் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கிய
கறுப்பில் வந்து அமர்ந்தார்.
கழுத்தோரம் ஊதா நூல் தெரிந்தது.
அதை நான் பதியவில்லை.
சொன்னதை மட்டும் பதிவது என் வேலை.

பதினெட்டு ஆண்டு
அவர் இருக்கைக்கு ஒரு படி கீழே
என் சுருக்கெழுத்து இயந்திரம்.
இருமலுக்கு அதில் விசை இல்லை.
தயக்கத்துக்கும் இல்லை.

நீதிபதிப் பதவிக்கு நிற்பவர்
இன்ன வழக்கில் இன்னபடி தீர்ப்பேன் என்று
வாக்குறுதி தரக் கூடாது.
எனவே அவர் பான்கேக் சுட்டார்.
தீயணைப்பு நிலையத்தில் ஞாயிறு காலை
புரட்டிப் புரட்டிப் போட்டார்.
ஜூலை ஊர்வலத்தில் டிராக்டர் மேல் நின்று
மிட்டாய் எறிந்தார்.
பன்றிப் போட்டியில் தோற்ற சிறுமியின்
சேறு பட்ட கையைக் குலுக்கினார்.
சோளக்காட்டு ஓரமெல்லாம் பலகைகள்:
பென்டர்கிராஸ். அனுபவம்.
முதல் தடவையே அப்படித்தான் எழுதியிருந்தது.

இரண்டாம் முறை எதிர்த்து ஆளில்லை.
ஒரே பெயர், நிரப்ப ஒரே வட்டம்.
அந்த ஆண்டு கூண்டில் அழுத பால்பண்ணைக்காரருக்குத்
தன் கைக்குட்டையை நீட்டினார்,
திரும்பக் கேட்கவில்லை.

மூன்றாம் முறை டேனா ஷ்ரைபர் நின்றாள்.
அரசு வழக்கறிஞர்.
தபாலில் வீடு வீடாக ஓர் அட்டை:
அவர் பிணையில் விட்ட ஒருவனின் முகம்,
மேலே சிவப்பில், 'இவனை வெளியே விட்டது யார்?'
என் கணவர் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டினார்.
நான் எடுத்தேன்.
மறுபடி ஒட்டினார்.

அந்த அக்டோபரில்தான்
என் விரல்களுக்கு முதலில் தெரிந்தது.
மார்ச்சில் செப்புக்கம்பி திருடியவனுக்குப்
பதினெட்டு மாதம்.
அக்டோபரில் செப்புக்கம்பி திருடிய
டார்வின் ஸ்லோனுக்கு ஐந்து ஆண்டு.
அதே பூட்டிக் கிடக்கும் காலணி ஆலை,
அதே சுவர், ஏறக்குறைய அதே எடைக் கம்பி.
பழைய கட்டுகளை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம்,
ஆறாண்டுக்கொரு முறை இலையுதிர்காலத்தில்
எண்கள் எப்படிப் பருத்தன என்று.
கணக்குப் போடத் தெரியாதவள் அல்ல நான்.
போடாதவள்.

தீர்ப்பு வாசித்ததும்
பின்வரிசையில் ஸ்லோனின் அக்கா
எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே
'அவ்வளவா?' என்றாள்.
கத்தவில்லை.
கடையில் விலை கேட்பவள் குரல்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
அடுத்த வழக்கை அழைத்தார்.

நூற்றுப்பதினேழு வாக்கில் வென்றார்.

நான்காம் முறை தோற்றார்.
ஷ்ரைபரிடம் அல்ல, அவள் தலைநகர் போய்விட்டாள்.
வட்டாரத்துக்கு வந்து மூன்றாண்டுகூட ஆகாத,
எங்கள் படிக்கட்டில் மூன்றாம் படி உடைந்திருப்பது
தெரியாமல் இடறிய ஒரு பையனிடம்.
மேலே ஆளுநருக்கு அடித்த அலை
கீழே இவரை நனைத்துவிட்டுப் போனது.
நாளிதழில் அது நான்காம் பக்கம்,
பந்துவீச்சுக் கூட முடிவுகளுக்கு மேலே.

ஜனவரியில் பதிவறை ஜன்னலுக்கு வந்தார்.
பழுப்புக் கோட்டு. அங்கி இல்லாமல்
ஆள் குள்ளம் என்று அன்றுதான் பார்த்தேன்.
விண்ணப்பத்தை நிரப்பினார்.
வழக்கு எண்ணை எதையும் பார்க்காமல் எழுதினார்.
பதினான்கு பக்கம்.
பக்கம் மூன்று டாலர் எழுபத்தைந்து காசு.
உங்களுக்கு எதற்குக் கட்டணம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
அறுபது கொடுத்தார்.
மீதி ஏழரை டாலரை எண்ணி வாங்கிக்கொண்டார்.

வெப்பக்குழாய் அருகே நின்றபடியே படித்தார்.
பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.
அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்:
பார்வையாளர்: அவ்வளவா?
அதன் கீழே நேராக
அடுத்த வழக்கின் பெயர்.

'இந்த இடத்தில்
நான் எதுவும் சொல்லவில்லையா?' என்றார்.

'சொல்லியிருந்தால் இருக்கும்'
என்றேன்.